கண்ணைப் பார்க்கும் ஹெட்செட், கண்ணுக்குள் பார்க்குமா?

தலையில் மாட்டிக்கொள்ளும் கணினிகளைப் பற்றியும், அவை கண்ணையும் உடலையும் கண்காணிப்பதாகச் சொல்லப்படுவதைப் பற்றியும் வந்த கடிதங்களுக்கு இம்முறை பதில் சொல்கிறேன். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி (மதுரை): என் அப்பாவுக்கு 12 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. கண்ணைப் படமெடுக்கும் கேமரா உள்ள ஹெட்செட் ஒன்றை வாங்கிக் கொடுத்தால், ஆண்டுதோறும் கண் மருத்துவமனைக்கு அலைவது மிச்சமாகுமா?

பதில்: ஆகாது. ஹெட்செட்டின் உள்ளே லென்சைச் சுற்றியுள்ள சிறு எல்இடிகள் நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சுகின்றன. அந்த ஒளி கண்ணின் முன்பரப்பில் பட்டுச் சிறு புள்ளிகளாக மின்னும். அந்தப் புள்ளிகளையும் கண்மணியின் மையத்தையும் கேமரா ஒப்பிட்டு, நீங்கள் திரையில் எந்த இடத்தைப் பார்க்கிறீர்கள் என்று கணக்கிடுகிறது. அது பார்ப்பதெல்லாம் கண்ணின் வாசலை மட்டுமே. சர்க்கரை நோய் கெடுப்பதோ, கண்ணின் பின்புறச் சுவரில் உள்ள விழித்திரையின் நுண்ணிய இரத்தக் குழாய்களை. அதைப் பார்க்க வேண்டுமானால், சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை விரியச் செய்து மருத்துவர் உள்ளே பார்க்க வேண்டும். அல்லது அதற்கென்றே உள்ள விழித்திரைக் கேமராவில் படமெடுக்க வேண்டும். விழித்திரைப் படத்தைப் பார்த்துச் சர்க்கரை நோயின் பாதிப்பைக் கணினியே கண்டுபிடிக்க முடியும் என்று 2016-இல் கூகுள் ஆய்வாளர்கள் காட்டினார்கள். அந்த ஆய்வுக்கான படங்களில் பல, உங்கள் ஊர் அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா ஆகிய மருத்துவமனைகளிலிருந்து போனவைதான். அவையும் விழித்திரைக் கேமராவில் எடுத்தவையே. ஹெட்செட்டில் எடுத்தவை அல்ல. பார்வை தெளிவாக இருக்கும்போதே இந்தப் பாதிப்பு தொடங்கிவிடும் என்பதால், அப்பாவை இந்த ஆண்டும் அழைத்துப் போங்கள்.

கேள்வி (சேலம்): கண்ணசைவைப் பின்தொடரும் வசதி உண்டு என்று சொல்லி மெட்டா குவெஸ்ட் 3 விற்றார்கள். அந்த வசதியை எங்கே தேடுவது?

பதில்: தேடாதீர்கள், அதில் அந்த வசதியே கிடையாது. 2022-இல் வந்த குவெஸ்ட் புரோவில்தான் அது இருந்தது. திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேளுங்கள்.

கேள்வி (கோவை): நெற்றியில் படும் உணரி இரத்த அழுத்தத்தையும் மன அழுத்தத்தையும் அளக்கும் என்று சொன்னதை நம்பி 42,000 ரூபாய்க்கு ஒரு ஹெட்செட் வாங்கினேன். அம்மாவுக்குத் தலைசுற்றி மருத்துவரிடம் போனபோது இரத்த அழுத்தம் 170 காட்டியது. அன்று காலையில் இந்தக் கருவி 118 என்று காட்டியிருந்தது. விற்றவர் இப்போது "இது பொழுதுபோக்குக் கருவி" என்கிறார்.

பதில்: படித்ததும் மனம் வருந்தியது. நீங்கள் செய்தது தவறில்லை; அம்மாவுக்காக வாங்கிய பொருளை நம்பினீர்கள், அவ்வளவுதான். நெற்றியில் ஒளியைப் பாய்ச்சித் தோலுக்கடியில் ஓடும் இரத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் கொண்டு நாடித்துடிப்பை எண்ணுவது நடக்கக்கூடிய காரியம். எச்பி நிறுவனத்தின் ரிவெர்ப் ஜி2 ஆம்னிசெப்ட் அதைச் செய்தது. ஆனால் அது நிறுவனங்களின் பயிற்சிக்கும் ஆய்வுக்கும் என்று விற்கப்பட்டது. நாடித்துடிப்பை எண்ணுவது வேறு, இரத்த அழுத்தத்தை அளப்பது வேறு. இரத்த அழுத்தம் அளக்கும் கருவி இந்தியாவில் 2017-ஆம் ஆண்டின் மருத்துவக் கருவிகள் விதிகளுக்கு உட்பட்டது. ஆகவே விற்றவரிடம் எழுத்தில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, உரிம எண் எங்கே என்பதுதான்.

விளம்பரத்தை இன்றே படம்பிடித்து வையுங்கள், நாளை அது காணாமல் போகலாம். ரசீது, குறுஞ்செய்திகள், மருத்துவர் எழுதிய சீட்டு ஆகியவற்றையும் சேர்த்து வைத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிவு செய்யுங்கள். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 2019-ஆம் ஆண்டின் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குத் தொடரலாம். பொருளின் விலை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் இல்லை. 2 ஆண்டுக்குள் தொடர வேண்டும். பொய்யான விளம்பரத்தைத் தனிக் குற்றச்சாட்டாக எழுத மறக்காதீர்கள்.

கேள்வி (யாழ்ப்பாணம்): மகளுக்கு 6 வயது, ஒரு கண்ணில் சோம்பல் பார்வை. ஹெட்செட்டில் விளையாடினால் சரியாகும் என்கிறார்கள், உண்மையா?

பதில்: பாதி உண்மை. லூமினோபியா என்ற ஹெட்செட் சிகிச்சைக்கு 2021-இல் அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, 4 முதல் 7 வயதுக் குழந்தைகளுக்கு அனுமதி கொடுத்தது. அதில் இரண்டு கண்களுக்கும் காட்டப்படும் படங்கள் வேறுவேறு விதமாக மாற்றப்பட்டிருக்கும். அதையும் மருத்துவர் எழுதிக் கொடுத்துத்தான் பெற முடியும். கடையில் கிடைக்கும் விளையாட்டு அந்தச் சிகிச்சை ஆகாது. இந்த வயதில் நாள் கடத்தக் கூடாது, கண் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி (நாகர்கோவில்): சோனியின் பிளேஸ்டேஷன் விஆர்2 ஹெட்செட் வாங்கி, வந்த அனுமதிக்கெல்லாம் "சரி" அழுத்திவிட்டு 8 வயது மகனுக்குக் கொடுத்தேன். கண்ணைப் பற்றிய தகவல் எங்காவது போயிருக்குமா?

பதில்: 12 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு உரியதல்ல என்று சோனி சொல்லியிருக்கிறது. அதையும் படிக்கவில்லை, அனுமதியையும் படிக்கவில்லை. எல்லாம் முடிந்த பிறகு என்னிடம் கேட்கிறீர்கள். முதலில் குழந்தையிடமிருந்து கருவியை வாங்கி வையுங்கள். பிறகு கருவியின் அமைப்புப் (செட்டிங்ஸ்) பக்கத்தில் கண்ணசைவு வசதியை நிறுத்திவிட்டு, தகவல் பகிர்வு அனுமதிகளை ஒவ்வொன்றாகத் திறந்து படியுங்கள்.

ஆனால் முழுப் பழியையும் உங்கள்மேல் போட எனக்கு மனம் வரவில்லை. பல ஆண்டுகளாக நான் சொல்லிவரும் குறை இது: கண்ணைப் படமெடுக்க அனுமதி கேட்கும் நேரமே தவறாக இருக்கிறது. பணம் கட்டி, பெட்டியைப் பிரித்து, கருவியைத் தலையில் மாட்டி, பக்கத்தில் பிள்ளைகள் எப்போது தருவாய் என்று கேட்டுக்கொண்டிருக்கும்போது, கண்முன் மிதக்கும் பொடி எழுத்துகளை யாரால் நிதானமாகப் படிக்க முடியும்? கேட்கப்படுவதோ சாதாரணத் தகவல் இல்லை. கண்மணி வெளிச்சத்துக்கு மட்டும் சுருங்கி விரிவதில்லை. கடினமான கணக்கை மனத்தில் போடும்போதும் விரிகிறது என்று ஹெஸ், போல்ட் என்ற உளவியலாளர்கள் 1964-லேயே காட்டினார்கள். கருவிழியின் அமைப்போ, ஆதாருக்காக எடுத்தார்களே, அதே அடையாளம். கடவுச்சொல் களவு போனால் மாற்றிக்கொள்ளலாம், கருவிழியை மாற்ற முடியாது.

ஒழுங்காகச் செய்ய வழியில்லாமலும் இல்லை. ஆப்பிள் விஷன் புரோவில் கருவிழி அடையாளம் கருவியை விட்டு வெளியே போவதில்லை என்றும், நீங்கள் எதைப் பார்க்கிறீர்கள் என்பது விரல்களைச் சேர்த்துத் தேர்ந்தெடுக்கும்வரை செயலிகளுக்குத் தெரிவதில்லை என்றும் அந்நிறுவனம் எழுதியே கொடுத்திருக்கிறது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலம் 2008-லேயே, எழுத்துமூல ஒப்புதல் இல்லாமல் கருவிழியைப் பதிவு செய்தால் 1,000 டாலர், தெரிந்தே செய்தால் 5,000 டாலர் இழப்பீடு என்று சட்டம் போட்டது. நம் நாட்டில் 2023-இல் நிறைவேறிய தனிநபர் தரவுச் சட்டமும், 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. எனக்கு அது போதவில்லை. கண்ணிலிருந்து எதை எடுக்கிறார்கள், எங்கே வைக்கிறார்கள் என்பதை, அதிகபட்ச விலையைப் போலப் பெட்டியின் மேலேயே அச்சிட வேண்டும். வாங்கும் முன் தெரிந்தால்தான் அது ஒப்புதல்.

கேள்வி (சிங்கப்பூர்): பழைய விஷன் புரோ ஒன்று மலிவாக வருகிறது. நான் கண்ணாடி அணிபவன். எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

பதில்: அதற்குள் கண்ணாடி அணிய முடியாது, உங்கள் பவருக்கு ஏற்ற, ஸைஸ் (Zeiss) நிறுவனத்தின் லென்ஸ்களைத் தனியாக வாங்க வேண்டும். விற்பவர் கொடுக்கும் லென்ஸ் அவருடைய கண்ணுக்குச் செய்தது. அந்தச் செலவையும் விலையோடு கூட்டிப் பாருங்கள். அவருடைய கருவிழிப் பதிவு, கணக்கு எல்லாவற்றையும் உங்கள் எதிரிலேயே அழிக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்றை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன் சென்னையில் ஒரு கடையில் பழைய ஹெட்செட் ஒன்றை 18,000 ரூபாய்க்கு வாங்கினேன். கடையில் காட்டிய காட்சி இருட்டான ஒரு விளையாட்டு. வீட்டில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்ததும் இடது கண்ணில், மிளகு அளவில் மஞ்சள் கருகலாக ஒரு புள்ளி தெரிந்தது. முன்பு வைத்திருந்தவர் லென்ஸ் வெயிலைப் பார்க்கும்படி ஜன்னலோரம் வைத்திருக்கிறார்; பூதக்கண்ணாடி காகிதத்தைச் சுடுவதுபோல் லென்ஸ் திரையைச் சுட்டுவிட்டது. ரசீது வாங்காததால் பணம் திரும்பவில்லை. வெள்ளைத் திரையை இரண்டு கண்ணாலும் தனித்தனியாகப் பார்க்காமல் பணத்தை எண்ணாதீர்கள்.

கேள்வி (திருச்சி): கண் அழுத்தத்தைக் கேமராவாலேயே அளக்கும் ஹெட்செட் 6,000 ரூபாய்க்கு வருகிறது. வாங்கலாமா?

பதில்: வேண்டாம். கண் மருத்துவமனையில் கண்ணின் முன்பரப்பைத் தொட்டோ காற்றை ஊதியோ அழுத்தத்தை அளக்கிறார்கள். அந்த விலைக்குப் பல முறை அங்கே பார்த்துக்கொள்ளலாம்.