வாசகர் கேள்விகள்: திரையைக் காதால் படிக்க, விசையைத் தவறாமல் தட்ட

எங்கள் பயிற்சி வகுப்பில் முழுப் பார்வையிழப்பு உள்ள ஒருவர் சேர்கிறார். விண்டோஸ் கணினியில் என்விடிஏ என்ற திரைவாசிப்பானை (திரையில் உள்ளதைக் குரலில் சொல்லும் மென்பொருள்) நிறுவியாயிற்று. இதுவரை மவுஸ் வைத்தே பாடம் நடத்தியிருக்கிறேன். எங்கிருந்து தொடங்குவது?

மவுஸைக் கழற்றி வைத்துவிட்டுத் தொடங்குங்கள். 'இங்கே கிளிக் செய்யுங்கள்' என்று அந்த வகுப்பில் சொல்லிப் பயனில்லை. நடத்தப்போகும் ஒவ்வொரு வேலையையும் விசைகளால் மட்டும், மானிட்டரை அணைத்துவிட்டு, நீங்கள் ஒருமுறை செய்து பார்த்திருக்க வேண்டும்.

மென்பொருளுக்கு முன் விசைப்பலகை. எஃப், ஜே விசைகளின் மேல் சிறு மேடு இருக்கும். ஆள்காட்டி விரல்களுக்கு அதுதான் இடம். எண்பலகையில் 5-இன் மேலும் அப்படியே. அடுத்து இன்சர்ட் + 1 அழுத்தச் சொல்லுங்கள். அதன்பின் எதைத் தட்டினாலும் விசையின் பெயரை மட்டும் குரல் சொல்லும், வேறெதுவும் நடக்காது. பயமின்றித் தடவிப் பழகலாம். பழகி முடித்ததும் மீண்டும் இன்சர்ட் + 1. இதை மறந்தால் கணினி உறைந்துபோனது போலத் தோன்றும். இன்சர்ட் எட்டாத மடிக்கணினியில், என்விடிஏ அமைப்புகளுக்குள் போய் கேப்ஸ் லாக்கை அதற்குப் பதிலாக வைத்துக்கொள்ளலாம்.

முதல் நாளே சொல்லித்தர வேண்டியது கன்ட்ரோல் விசை: பேச்சை உடனே நிறுத்தும். குரலை நிறுத்தத் தெரியாதவர் அதற்கு அடிமையாகிவிடுவார்! குரல் அடியோடு நின்றுபோனால் கன்ட்ரோல் + ஆல்ட் + என் அழுத்த, என்விடிஏ மறுபடி தொடங்கும். அதுவும் பலிக்காவிட்டால் கன்ட்ரோல் + விண்டோஸ் + என்டர் அழுத்தி விண்டோஸின் சொந்தத் திரைவாசிப்பானான நரேட்டரை எழுப்பலாம்.

தட்டும் எழுத்தைச் சொல்லும் வசதி (இன்சர்ட் + 2) தொடக்கத்தில் தேவை. விரல் பழகியபின் அதை அணைத்து, சொல்லை முடித்ததும் வாசிக்கும் வசதிக்கு (இன்சர்ட் + 3) மாறுங்கள். இல்லாவிட்டால் தட்டச்சு வேகம் கூடவே கூடாது.

தமிழ்க் கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்துகளாக ஏதோ உளறுகிறது. சில கோப்புகளில் சத்தமே இல்லை. குரல் கெட்டுவிட்டதா?

குரல் நன்றாகத்தான் இருக்கும். கோளாறு மூன்று இடங்களில் இருக்கலாம்.

உளறல் என்றால் பழைய எழுத்துரு. பாமினி போன்றவற்றில் திரையில் தெரிவது தமிழ். உள்ளே இருப்பது ஆங்கிலக் குறியீடு. 'தமிழ்' என்ற சொல் அங்கே ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. திரைவாசிப்பான் உள்ளே இருப்பதைத்தான் படிக்கும். சோதிக்க, கொஞ்சம் உரையைத் தேர்ந்தெடுத்து எழுத்துருவை லதா அல்லது நிர்மலா யூஐ ஆக மாற்றுங்கள். தமிழ் மறைந்து ஆங்கிலக் குப்பை தெரிந்தால், தமிழ் எழுத்துகளுக்கென்றே தனிக் குறியீடு உள்ள யூனிகோடுக்கு மாற்றியாக வேண்டும். கோப்பு முழுவதையும் எழுத்துரு மாற்றும் மென்பொருளில் போடாதீர்கள், இடையில் வரும் உண்மையான ஆங்கிலச் சொற்களும் தமிழ்க் குப்பையாகிவிடும். பாமினியில் உள்ள பகுதிகளை மட்டும் எடுத்து மாற்றுங்கள்.

ஆங்கிலத்தைப் படித்துவிட்டுத் தமிழில் மௌனமானால், தேர்ந்தெடுத்த குரலுக்குத் தமிழ் தெரியாது. என்விடிஏவுடன் வரும் ஈஸ்பீக் தமிழ் பேசும். உச்சரிப்பு இயந்திரத்தனமானது, ஆனால் வேகத்தைக் கூட்டினாலும் தெளிவு குறையாது. விண்டோஸின் பேச்சு அமைப்பில் வள்ளுவர் என்ற தமிழ்க் குரலைச் சேர்த்தும் பயன்படுத்தலாம். குரல் எந்திரத்தை மாற்ற இன்சர்ட் + கன்ட்ரோல் + எஸ்.

பிடிஎஃப் மௌனமாக இருந்து, கன்ட்ரோல் + ஏ அழுத்தியும் எதுவும் தேர்வாகாவிட்டால் அது ஸ்கேன் செய்த படம். எழுத்துணரி கொண்டு உரையாக்கி, பார்வையுள்ள ஒருவர் மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். 'ர'வும் துணைக்காலும் இடம் மாறுவது அடிக்கடி நடக்கும்; காதால் கேட்டு மட்டும் அதைக் கண்டுபிடிப்பது சிரமம்.

என்விடிஏ இலவசமாயிற்றே, ஜாஸ் என்ற கட்டணத் திரைவாசிப்பானை வாங்கினால்தான் வேலைக்கு ஆகுமா?

கற்பதற்கு என்விடிஏ தாராளமாகப் போதும். ஆஸ்திரேலியாவில் 2006-இல் அதைத் தொடங்கிய மைக்கேல் கரன் தாமே பார்வையற்றவர். அலுவலகத்தின் தனி மென்பொருள் எதனுடன் ஒத்துழைக்கிறது என்று பார்த்துவிட்டு ஜாஸ் பற்றி யோசிக்கலாம்.

கை நடுக்கம் உள்ளவருக்கு ஒரே எழுத்து இரண்டு மூன்று முறை விழுகிறது. சில நேரம் விசைப்பலகையே வேலை செய்வதில்லை.

இரண்டாவது தொல்லைக்குக் காரணம் பெரும்பாலும் வலது ஷிஃப்ட். அதன் மேல் கை 8 விநாடி தங்கினால் ஃபில்டர் கீஸ் இயங்கத் தொடங்கும். லேசான தட்டல்களைக் கணினி புறக்கணிக்கும். மறுபடி 8 விநாடி அழுத்தினால் நீங்கும். வேண்டாதவர்களுக்கு அந்தக் குறுக்குவழியை அணுகல்தன்மை அமைப்பில் அணைத்துவிடுங்கள்.

முதல் தொல்லைக்கு மருந்தும் அதே ஃபில்டர் கீஸில்தான் இருக்கிறது: ஒரே விசை குறிப்பிட்ட நேரத்துக்குள் மீண்டும் தட்டப்பட்டால் ஏற்காத பவுன்ஸ் கீஸ். 0.5 விநாடியில் தொடங்குங்கள். தமிழ்99 விசைப்பலகை முறையில் ஒரு சிக்கல் வரும். அங்கே 'அம்மா' எழுத ம விசையை இரண்டுமுறை தட்டினால் புள்ளி தானாக விழும். பவுன்ஸ் கீஸ் இரண்டாவது மகரத்தை விழுங்கி 'அமா' என்றாக்கும். இரண்டுக்கும் நடுவே புள்ளி விசையைத் தாமே தட்டப் பழகினால் சரியாகும்.

ஒரு கையால் தட்டுபவருக்கு, சேர்த்து அழுத்த வேண்டிய விசைகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டவிடும் ஸ்டிக்கி கீஸ் (ஷிஃப்டை 5 முறை தட்டினால் இயங்கும்). அருகில் இருப்பவர் உதவுவதாக நினைத்து இரண்டு விசைகளை ஒன்றாக அழுத்த, அது அணைந்துவிடும். இரு விசை அழுத்தினால் அணையும் விருப்பத்தை நீக்கிவிடுங்கள். விரல் பக்கத்து விசையில் வழுக்கினால் மென்பொருள் உதவாது. ஒவ்வொரு விசைக்கும் துளையிட்ட பலகையை மேலே பொருத்துங்கள், கையை அதன்மேல் ஊன்றலாம்.

குறைபார்வை உள்ளவருக்கு?

விண்டோஸ் + கூட்டல் குறி உருப்பெருக்கியைத் திறக்கும், விண்டோஸ் + எஸ்கேப் மூடும். அதற்கு முன் எழுத்தின் அளவையும் நிறமாறுபாட்டையும் கூட்டிப் பாருங்கள். 400 விழுக்காட்டுப் பெருக்கத்தில் திரையின் பதினாறில் ஒரு பங்குதான் தெரியும். வரி எங்கே முடிகிறது என்று தேடியே களைத்துவிடுவார்.

இணையப் படிவத்தில் பெயரைத் தட்டினால் எங்கெங்கோ தாவுகிறது.

என்விடிஏ உலாவு நிலையில் இருக்கிறது. அங்கே ஹெச் தலைப்புக்கும் கே இணைப்புக்கும் பி பொத்தானுக்கும் தாவ வைக்கும் கட்டளைகள். கட்டத்தின் மேல் என்டர் தட்டினாலோ, இன்சர்ட் + ஸ்பேஸ் அழுத்தினாலோ தட்டச்சு நிலைக்கு மாறும்; இரு நிலைக்கும் தனித்தனி ஒலி உண்டு, அதைக் கேட்டபின் தட்டச் சொல்லுங்கள். கட்டத்துக்குப் பெயரே சொல்லாமல் வெறும் 'எடிட்' என்றால் பிழை மாணவருடையதல்ல, பக்கத்தை வடித்தவர் பெயரிடவில்லை. எஸ்கேப் அழுத்தி உலாவு நிலைக்குத் திரும்பி, மேல் அம்பால் முந்தைய வரியைக் கேட்டால் என்ன கேட்கிறார்கள் என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.