61 வந்தது, 38தான் செல்லுமாம்!

வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: வணக்கம் அம்மா. எனக்குச் சொந்த ஊர் காங்கயம். அப்பா கொப்பரைக் களம் வைத்திருக்கிறார். ஈரோடு மாவட்டத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் நான்கு செமஸ்டர் முடித்துவிட்டு, டெக்சாஸில் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் மாறுதல் மாணவியாகச் சேர்ந்திருக்கிறேன். 90க்கு மேல் கிரெடிட் வைத்திருந்தேன். 61 ஏற்றுக்கொண்டதாகக் கடிதம் வந்தது. வகுப்பு தொடங்கிய பிறகு, அதில் 38தான் டிகிரிக்குச் செல்லும் என்கிறார் அட்வைசர். டேட்டா ஸ்ட்ரக்சர்ஸை மறுபடி படிக்க வேண்டுமாம். பதிவாளர் ஆபீஸில் கேட்டால் துறைக்குப் போ என்கிறார்கள், துறையில் கேட்டால் அட்மிஷன் ஆபீஸ் என்கிறார்கள். அடுத்த செமஸ்டருக்குப் பாடம் எடுக்க விடாமல் என் கணக்கில் ஏதோ ‘ஹோல்ட்’ வேறு விழுந்திருக்கிறது. டல்லாஸில் இருக்கும் மாமா போன் போட்டார். அவரிடம் பேசவே முடியாது என்று வைத்துவிட்டார்கள். அப்பா களத்தை அடமானம் வைத்துக் கடன் வாங்கியிருக்கிறார். ஒரு வருடம் கூடினால் வீடு தாங்காது. எங்கே தொடங்குவது?
- பெயர் வேண்டாம், காங்கயம்

பதில்: கண்ணு, உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். நடுவில் ஒரு வரியாக நீ எழுதியிருக்கும் ஹோல்ட்தான் முதலில் தீர வேண்டியது. கிரெடிட் விவகாரம் மாதக் கணக்கில் இழுக்கும். ஹோல்ட் நீங்குவதற்குள் பதிவு செய்யும் நாள் தாண்டிவிட்டால் வேண்டிய பாடத்தில் இடம் இருக்காது. எஃப்-1 என்கிற மாணவர் விசாவில் இருக்கிற நீ செமஸ்டருக்கு 12 கிரெடிட் எடுத்தே ஆக வேண்டும். அதிலும் ஆன்லைன் பாடம் ஒன்றுதான் கணக்கில் சேரும். அதனால் இது வெறும் படிப்புப் பிரச்சினை இல்லை, விசாவைத் தொடுகிற பிரச்சினை.

உன் மாணவர் கணக்கில் ஹோல்ட் என்று இருக்கும் இடத்தைத் திறந்தால் எந்த ஆபீஸ் போட்டது என்று இருக்கும். இந்தியாவிலிருந்து போனவர்களுக்கு அது பெரும்பாலும் தடுப்பூசி, காப்பீடு, கடைசி செமஸ்டர் டிரான்ஸ்கிரிப்ட் (மதிப்பெண் பட்டியல்) இவற்றில் ஒன்றாக இருக்கும். டெக்சாஸில் 22 வயதுக்குக் குறைந்த புது மாணவர்கள் மூளைக்காய்ச்சல் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும் என்று மாநிலச் சட்டமே இருக்கிறது. நீ ஒரு செமஸ்டர் உட்கார்ந்துவிட்டதால் அது முடிந்திருக்கும். காசநோய்ச் சோதனை கேட்டால் ரத்தச் சோதனையாக எடுக்கிறேன் என்று சொல். நமக்கெல்லாம் குழந்தையிலேயே பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசி போட்டிருப்பதால் தோலில் குத்திப் பார்க்கும் சோதனையில் நோய் இல்லாமலே தடித்துக் காட்டக்கூடும். அப்புறம் எக்ஸ்ரே, டாக்டர் கடிதம் என்று இரண்டு வாரம் போய்விடும்.

எனக்கு அதிகச் சந்தேகம் டிரான்ஸ்கிரிப்ட் மேல்தான். அது அங்கே வந்து சேர்ந்தும் உன் ஃபைலோடு சேராமல் எங்கோ கிடக்கலாம். காரணம் நம் பெயர். மதிப்பெண் பட்டியலில் உன் பெயர் இனிஷியலோடு இருக்கும். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து அப்பா பெயர், சில வீடுகளில் ஊர்ப் பெயரும் சேர்ந்து இருக்கும். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தைக் காலியாக விட்டவர்களுக்கு அமெரிக்க விசாவில் முதல் பெயர் இருக்கும் இடத்தில் ‘எஃப்.என்.யூ.’ என்று விழுந்துவிடும். முதல் பெயர் தெரியவில்லை என்று அதற்கு அர்த்தம். அந்த ஆபீஸில் இருப்பவருக்கு இந்த மூன்றும் ஒரே பெண் என்று எப்படித் தெரியும்? “என் டிரான்ஸ்கிரிப்ட் வந்து, வேறு பெயரில் பொருத்தப்படாமல் இருக்கிறதா?” என்று இதே கேள்வியைக் கேள். மாணவர் எண், பிறந்த தேதி, பெயரின் மூன்று வடிவம், பாஸ்போர்ட் பக்கம் எல்லாம் ஒரே மெயிலில் போகட்டும். அப்பாவிடம் சொல்லி நோட்டரியிடம் ‘இரு பெயரும் ஒருவரே’ என்று ஒரு பிரமாணப் பத்திரமும் வாங்கி வை.

சரி, 61க்கு வருவோம். இரண்டு கணக்குகளை நீ ஒன்றாக நினைத்துவிட்டாய். ‘ஏற்றோம்’ என்று அட்மிஷன் ஆபீஸ் சொன்னது, நீ ஒரு பல்கலைக்கழகத்தில் முறையாகப் படித்தாய் என்பதற்கு. ‘டிகிரிக்குச் செல்லும்’ என்பது, அவர்கள் பட்டியலில் இருக்கும் ஒரு பாடத்துக்குப் பதிலாக உன் பாடம் உட்காருகிறதா என்பதற்கு. உட்காராததெல்லாம் பொது விருப்பப் பாடம் என்று ஒரு மூலையில் குவிந்துவிடும். உன் 23 அங்கேதான் கிடக்கிறது. அதை மூலையிலிருந்து எடுத்து இடத்தில் வைக்கிற அதிகாரம் பெரும்பாலும் துறைக்குத்தான். எனவே இனிமேல் அட்மிஷன் ஆபீஸ் வாசலில் நிற்காதே. துறையின் இளநிலை அட்வைசரிடம், பாட மாற்று மனு எது, யார் கையெழுத்து வேண்டும் என்று எழுத்தில் கேள்.

அந்த மனுவோடு மதிப்பெண் பட்டியலை வைக்காதே, கல்லூரி முத்திரை போட்ட சிலபஸை வை. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு பல்கலைக்கழகத்தின் தேர்வுப் பிரிவில் 29 வருடம் வேலை பார்த்தவள் நான். பவானியிலிருந்து ஒரு பையன் வந்து, நான்கு செமஸ்டர் சிலபஸுக்கும் பக்கம் பக்கமாக முத்திரை வேண்டும் என்றான். வெப்சைட்டில் இருப்பதுதானே தம்பி, பிரின்ட் எடுத்துக்கொள் என்று திருப்பி அனுப்பினேன். முத்திரை இல்லாத தாளை அவன் மாறிப் போன இடத்தில் பார்க்கவே இல்லை. அவனுக்கு இரண்டு செமஸ்டர் போயிற்று. அதை அவன் அப்பா வந்து சொன்ன நாளிலிருந்து அந்த முத்திரையை யாருக்கும் நான் மறுத்ததில்லை. உன் கல்லூரியில் மறுத்தால் முதல்வருக்கு எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்டோம் என்று கையெழுத்து வாங்கச் சொல். அப்பா நேரில் போகட்டும், நீ எழுதிக் கொடுத்த அதிகாரக் கடிதத்தோடு.

டேட்டா ஸ்ட்ரக்சர்ஸுக்கு இப்படிச் செய். நம் ஊரில் தியரி 3 கிரெடிட், லேப் 1.5 கிரெடிட் என்று தனித்தனித் தாள். அங்கே பெரும்பாலும் இரண்டும் ஒரே பாடம். தியரி சிலபஸை மட்டும் பார்க்கிறவர், இதில் புரோகிராமே எழுதவில்லையே என்று ஒதுக்கிவிடுவார். இரண்டையும் சேர்த்துப் பின் பண்ணு. நம் சிலபஸின் அடியில் மொத்தம் 45 பீரியட் என்று இருக்கும். அவர்களுடைய 3 கிரெடிட் பாடமும் வாரம் 3 மணி, 15 வாரம், ஆக 45தான். இந்த ஒரு வரியை மனுவில் எழுது. உன் பாடம் சி மொழியில் நடந்திருக்கும், அவர்கள் ஜாவாவில் நடத்தக்கூடும். மூன்றாம் செமஸ்டரில் ஜாவா தனித் தாளாகப் படித்திருந்தால் அதையும் கூட வை. அவர்கள் பாடத்தின் தலைப்புகளை இடது பக்கமும், உன் யூனிட்டுகளை வலது பக்கமும் எழுதி ஒரு பக்கத்தில் கொடு. மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு ஐந்து நிமிடத்தில் முடிவெடுக்கிற மாதிரி இருந்தால்தான் தாள் நகரும். இவ்வளவு வருடம் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்ததால் சொல்கிறேன்.

எல்லாம் கிடைத்துவிடும் என்று சொல்ல மாட்டேன். டெக்சாஸ் அரசுப் பல்கலைக்கழகங்களில் 42 கிரெடிட் பொதுப்பாடம் உண்டு. அதில் 6 அமெரிக்க வரலாறு, 6 அரசாங்கம். அந்த 12ஐ நம் ஊர்ப் பாடம் எதுவும் நிரப்பாது. கணிதம், இயற்பியல், வேதியியல் தாள்களால் ஒரு பகுதி நிரம்பும், அவை சரியான கட்டத்தில் விழுந்திருக்கின்றனவா என்று பார். அந்த 12ஐக் கோடை விடுமுறையில் ஒரு சமுதாயக் கல்லூரியில் எடுத்தால் செலவு குறையும். முன்கூட்டியே அட்வைசரிடமும் சர்வதேச மாணவர் ஆபீஸிலும் எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொள். வகுப்புக்குப் போகாமலே எழுதிக் கிரெடிட் வாங்க சி.எல்.இ.பி. என்று ஒரு தேர்வு இருக்கிறது, அமெரிக்க வரலாறு, அரசாங்கம் இரண்டுக்கும் எழுதலாம். உன் பல்கலைக்கழகம் எத்தனை கிரெடிட் கொடுக்கும் என்று கேட்டுப் பார். நன்றாகப் படிக்கிற பெண் நீ, இதிலேயே அரை செமஸ்டர் மிச்சமாகலாம்.

மாமாவிடம் ஏன் பேசவில்லை என்கிறாய். அவமதித்ததாக நினைக்க வேண்டாம் என்று அவரிடம் சொல். மாணவர் விவரத்தை அந்த மாணவரின் சம்மதம் இல்லாமல் வெளியே சொல்லக்கூடாது என்று 1974லேயே அங்கே சட்டம் போட்டிருக்கிறார்கள், பெற்றவர்களுக்குக்கூடப் பொதுவாகச் சொல்ல மாட்டார்கள். நம் பக்கத்தில் தெரிந்தவரைக் கூட்டிக்கொண்டு போனால்தான் வேலை நடக்கும். அங்கே நீயே போனால்தான் நடக்கும். மூன்று ஆபீஸும் சுற்றவிட்டால், பல பல்கலைக்கழகங்களில் ஆம்பட்ஸ்மன் என்று ஒருவர் இருப்பார், மாணவர் குறையைக் கேட்பதற்கென்றே. யாரை எந்தத் தேதியில் பார்த்தாய், என்ன சொன்னார்கள் என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு அவரிடம் போ. ஒவ்வொரு சந்திப்புக்குப் பிறகும், நீங்கள் இப்படிச் சொன்னதாகப் புரிந்துகொண்டேன் என்று அன்றைக்கே ஒரு மெயில் அனுப்பிவிடு.

இன்னொன்று, விசாவுக்காகப் பல்கலைக்கழகம் கொடுத்த ஐ-20 படிவத்தில் படிப்பு முடியும் தேதியைப் பார். 61ஐ நம்பிப் போட்ட தேதியாக இருந்தால் பற்றாது. அந்தத் தேதி வருவதற்கு முன்பே சர்வதேச மாணவர் ஆபீஸில் நீட்டிப்புக் கேட்க வேண்டும், தாண்டிய பிறகு கேட்டால் பெரிய சிக்கல். அப்பாவிடம் இப்போதே உண்மையைச் சொல்லிவிடு அம்மிணி. மனு போட்டிருக்கிறேன், இத்தனை குறையலாம், இத்தனை கூடலாம் என்று எண்ணோடு சொல். வங்கியில் தவணை பேச அவருக்கும் அவகாசம் வேண்டும்.

கேள்வி: மகன் இரண்டு வருடம் படித்த கல்லூரியை விட்டு வெளிநாட்டுக்கு மாற இருக்கிறான். மீதி இரண்டு வருடக் கட்டணத்தையும் கட்டினால்தான் டிசியும் பிளஸ் டூ ஒரிஜினலும் தருவோம் என்கிறது கல்லூரி. தென்னந்தோப்பு வருமானத்தில் இதை எப்படிக் கட்டுவது?
- ஒரு தந்தை, பொள்ளாச்சி

பதில்: கட்டாதீங்க அண்ணா. ஒரிஜினல் சான்றிதழைப் பிடித்து வைக்கக் கூடாது என்று 2018 அக்டோபரிலேயே பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) அறிவிக்கை வெளியிட்டிருக்கிறது. விலகும் மாணவரிடம் மீதி வருடக் கட்டணம் கேட்கக் கூடாது என்று தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ.யும் சொல்லியிருக்கிறது. இந்த இரண்டையும் குறிப்பிட்டு முதல்வருக்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள், நகலைப் பல்கலைக்கழகப் பதிவாளருக்கு அனுப்புங்கள். அசையாவிட்டால் யு.ஜி.சி.யின் இ-சமாதான் தளத்தில் புகார் போடலாம். ஆனால் ஒன்று: அந்த வெளிநாட்டுக் கல்லூரி எந்தெந்தப் பாடத்தை ஏற்கிறது என்று பாடவாரியாக எழுத்தில் வந்து, விசாவும் கைக்கு வரும் வரை டிசியை வாங்க வேண்டாம். வாங்கிவிட்டால் இங்கே இடம் போய்விடும். மேலே காங்கயத்துப் பெண் எழுதியிருப்பதை மகனிடம் படிக்கக் கொடுங்கள். முத்திரை போட்ட சிலபஸை மட்டும் இந்த வாரமே வாங்கி வையுங்கள்.

கேள்வி: பையன் வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். இரண்டாம் வருடம். கட்டணம் குறைவு என்று வேறு நாட்டுக் கல்லூரிக்கு மூன்றாம் வருடத்தில் மாற்றித் தருவதாக ஏஜென்ட் சொல்கிறார். முன்பணம் 3 லட்சம், 10 நாள் கெடு. கொடுக்கலாமா?
- ஒரு தாய், கோபிசெட்டிபாளையம்

பதில்: வேண்டவே வேண்டாம் அம்மா. 2021 நவம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் கொண்டுவந்த விதிப்படி, இந்தியாவுக்கு வெளியே படிப்பவர்கள் முழுப் படிப்பையும் பயிற்சியையும் ஒரே கல்லூரியில்தான் முடிக்க வேண்டும். படிப்பு குறைந்தது 54 மாதம், அதே கல்லூரியில் 12 மாதம் இன்டர்ன்ஷிப். நடுவில் கல்லூரி மாறினால், ஆறு வருடம் கழித்து இங்கே பதிவு செய்ய வரும்போது அந்தப் பட்டம் நிற்காது. உக்ரைன் போரின்போது மாற விட்டார்களே என்று ஏஜென்ட் சொல்வார். 2022ல் அந்தப் பிள்ளைகளுக்கு மட்டும் தனியாகக் கொடுத்த சலுகை அது, பட்டம் அப்போதும் பழைய கல்லூரியுடையதுதான். கட்டணம்தான் கஷ்டம் என்றால் இப்போது படிக்கும் கல்லூரியிலேயே தவணை கேட்கச் சொல்லுங்கள். இன்று ராத்திரியே மகனுக்குப் போன் போட்டு, மாறுதல் படிவம் எதிலும் கையெழுத்துப் போடாதே என்று சொல்லிவிடுங்கள். பாஸ்போர்ட்டையோ ஒரிஜினல் சான்றிதழையோ ஏஜென்டிடம் ஏற்கனவே கொடுத்திருந்தால், நாளைக் காலையில் ஆளோடு போய்த் திரும்ப வாங்குங்கள்.