வீட்டுத் தொட்டியில் ஆக்டோபஸ்: மூடி மட்டும் போதாது

கேள்வி: "சில ஆண்டுகளாகக் கடல்நீர்த் தொட்டியில் கோமாளி மீன்கள் வளர்த்து வருகிறேன். அடுத்து ஆக்டோபஸ் ஒன்றை வளர்க்க விரும்புகிறேன். அது தப்பித்து ஓடிவிடும் என்கிறார்கள். அதைத் தவிர வேறு என்ன சிக்கல்கள் உண்டு?"

தப்பித்து ஓடுவதைப் பற்றித்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். ஆனால் கொஞ்சம் பணமும் ஒரு வார இறுதியின் உழைப்பும் இருந்தால் தீர்ந்துவிடுகிற சிக்கல் அது. ஆக்டோபஸுக்குத் தேவைப்படும் இரை, அது நம்மிடம் கேட்கும் நேரம், அதன் குறுகிய ஆயுள் ஆகியவை அப்படித் தீராதவை. நான் டெக்சாஸில் வசிப்பவன். பல ஆண்டுகள் பவளத் தொட்டி வைத்திருந்த பிறகு, தொட்டியிலேயே பிறந்த கலிபோர்னிய இருபுள்ளி ஆக்டோபஸ் ஒன்றைக் குட்டியாக வாங்கி, அது முதுமையடைந்து இறக்கும் வரை வளர்த்தேன். ஆகவே கீழே சொல்பவை பெரும்பாலும் அந்த இனத்தை வைத்துச் சொல்பவையே.

முதலில் மூடியைப் பார்த்துவிடுவோம். ஆக்டோபஸின் உடலில் கடினமான உறுப்பு என்று சொல்லத்தக்கது அதன் அலகு மட்டுமே. அலகு நுழையும் துளையில் மற்ற உடலும் நுழைந்துவிடும். நியூசிலாந்தின் நேப்பியர் நகரத் தேசிய மீன்காட்சியகத்தில் இருந்த 'இங்கி' என்ற ஆக்டோபஸ், 2016இல் தொட்டியின் மேற்புறத்தில் இருந்த சிறிய இடைவெளி வழியே வெளியேறி, தரையில் ஊர்ந்து சென்று, சுமார் 50 மீட்டர் நீளமுள்ள வடிகால் குழாய் வழியாகக் கடலைச் சென்றடைந்த செய்தி உலகெங்கும் பரவியது. நம் வீட்டு வடிகால் கடலில் போய் முடிவதில்லை என்பதால், நம்மிடமிருந்து தப்பும் ஆக்டோபஸ் மறுநாள் காலை சோபாவுக்கு அடியில் காய்ந்து கிடப்பதே வழக்கம். எனவே தாழ்ப்பாள் வைத்த அக்ரிலிக் மூடி, மின்கம்பிகள் நுழையும் துளைகளில் இறுக்கமாகத் திணித்த பஞ்சு நுரை, நீர் வழிந்து சம்புக்கு (அடியிலுள்ள வடிகட்டித் தொட்டிக்கு) போகும் பெட்டியின் வாயில் நெருக்கமான பிளாஸ்டிக் வலை ஆகிய மூன்றும் வேண்டும். நீரோட்ட மோட்டார்களின் வாயையும் நுரையால் மூடிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஆராய்வதற்காக உள்ளே நுழைக்கும் கையின் நுனியை விசிறி வெட்டிவிடும். ஆக்டோபஸ் வெளியே வருவது மட்டுமே ஆபத்து என்று எண்ணிவிடவும் கூடாது. 2009இல் சாண்டா மோனிகா மீன்காட்சியகத்தில் இதே இருபுள்ளி இனத்தைச் சேர்ந்த ஒன்று குழாயின் வால்வைத் திருகிவிட்டதால், இரவோடு இரவாக ஏறத்தாழ 200 காலன் கடல்நீர் தரையெங்கும் பெருகிவிட்டது. வால்வு, குழாய் இணைப்பு, வெப்பமானி என எதுவும் அதன் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கலாகாது.

இனி தண்ணீருக்கு வருகிறேன். உங்களிடம் ஏற்கனவே முதிர்ந்த கடல்நீர்த் தொட்டி இருப்பது பெரிய வசதிதான். ஆனால் அதே தொட்டியில் கோமாளி மீன்களோடு ஆக்டோபஸை விட முடியாது. ஒன்று, மீன்கள் அதற்கு இரையாகும். அல்லது மீன்கள் அதன் கண்ணையும் தோலையும் கொத்தித் துன்புறுத்தும். இரண்டு ஆக்டோபஸ்களைச் சேர்த்து விட்டாலும் பெரும்பாலும் ஒன்றுதான் மிஞ்சும். ஆக, அதற்கென்று தனித் தொட்டி வேண்டும். இந்த இனத்துக்கு 50 காலனுக்குக் குறைந்த தொட்டியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அந்தத் தனித் தொட்டியைப் பிறர் பயன்படுத்திய பழையதாக வாங்க நினைத்தால், அதில் எப்போதாவது மீன்களின் வெண்புள்ளி நோய்க்குச் செம்பு கலந்த மருந்து ஊற்றினார்களா என்று கட்டாயம் விசாரியுங்கள். ஆக்டோபஸின் இரத்தம் ஆக்சிஜனைச் சுமப்பதே செம்பு கொண்ட ஹீமோசயனின் என்ற புரதத்தால்தான். அதனால்தான் அந்த இரத்தம் நீல நிறமாக இருக்கிறது. ஆனாலும் நீரில் கரைந்த செம்பு, மிகச் சிறிய அளவில்கூட அதற்கு நஞ்சு. பாறைகளும் மணலும் உறிஞ்சி வைத்துக்கொண்ட செம்பு நெடுநாள் கழித்தும் கசியும். குழாய்த் தண்ணீரில் குளோரினோடு செம்பும் இருக்க வாய்ப்புண்டு என்பதால், அயனிகள் நீக்கிய ஆர்.ஓ. நீரில் மட்டுமே உப்பைக் கலக்க வேண்டும்.

அம்மோனியா இதைவிட அன்றாடத் தலைவலி. ஆக்டோபஸ் உண்பது முழுவதும் புரதம். அதற்கேற்ப, அதே எடையுள்ள மீனைவிட அதிகக் கழிவை வெளியேற்றும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூச்சியத்தில் நிற்க வேண்டுமானால், அவற்றைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் பாறைகளில் நன்றாகக் குடியேறியிருக்க வேண்டும். அதற்கு, விலங்கை வாங்குவதற்கு முன்பே, குறைந்தது மூன்று மாதங்களாவது தொட்டியை ஓடவிட வேண்டும். கழிவை நுரையாக்கிப் பிரித்தெடுக்கும் கருவியான புரோட்டீன் ஸ்கிம்மரைத் தொட்டியின் கொள்ளளவைப் போல் இரு மடங்குக்கு ஏற்றதாக வாங்குவது நல்லது. ஆக்டோபஸ் மை உமிழ்ந்த நாளில் இந்தச் செலவின் பயன் தெரியும். திறந்த கடலில் மை கரைந்துவிடும். மூடிய தொட்டியிலோ அது செவுள்களில் படிந்து ஆக்டோபஸையே மூச்சுத்திணற வைக்கும். உப்புக் கலந்து, வெப்பநிலையும் சரிசெய்த நீரை ஒரு பெரிய பீப்பாயில் எப்போதும் தயாராக வைத்திருப்பதும், புதிய கரித்தூள் பையை எடுத்துப் போடுவதும் தவிர அப்போது செய்யக்கூடியது வேறில்லை.

வெப்பநிலையில்தான் நம்மவர்களுக்குப் பெருஞ்சிக்கல். இருபுள்ளி ஆக்டோபஸுக்கு 18 முதல் 22 பாகை செல்சியஸ் வரை உகந்தது. நீர் சூடானால் அதில் கரையும் ஆக்சிஜன் குறைகிறது. விலங்கின் வளர்சிதை மாற்றமோ வேகமெடுக்கிறது. ஏற்கனவே சிறியதான அதன் ஆயுள் மேலும் சுருங்குகிறது. டெக்சாஸ் கோடையில், நீரைக் குளிர்விக்கும் என் சில்லர் ஓயாமல் ஓடியது. அது நீரிலிருந்து எடுத்த சூட்டை அறைக்குள்ளேயே கக்கியதால் ஏ.சி.யும் ஓடியது. சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ ஆண்டு முழுவதும் இப்படிக் குளிரூட்ட வேண்டும். ஒரு மின்வெட்டு போதும், எல்லாம் கெட்டுவிடும். அங்கிருப்பவர்கள் வெதுவெதுப்பான நீரில் வாழும் இந்தோ பசிபிக் இனங்களைப் பற்றி யோசிப்பதே முறை. இந்தியாவில் இருப்பவர்கள் இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். பவளப்பாறைகள் அங்கே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. மன்னார் வளைகுடாவில் பெயர்த்த பாறையைத் தொட்டி அலங்காரத்துக்கு யாராவது விற்றால், அதை வாங்கவே கூடாது.

எந்த இனம் என்பது தெரியாமல் வாங்குவது இந்தத் துறையில் சர்வசாதாரணம். கடைகளுக்கு வருபவற்றில் பெரும்பாலானவை கடலில் பிடிக்கப்பட்டவை. "பழுப்பு ஆக்டோபஸ்" என்ற ஒரே பெயரில் பல இனங்கள் விற்கப்படுகின்றன. இனம் தெரியாவிட்டால் அது எவ்வளவு பெரிதாகும், பகலில் நடமாடுமா இரவில் நடமாடுமா, எந்த வெப்பம் தேவை என்பது எதுவுமே தெரியாது. அதைவிட முக்கியமானது வயது. உள்ளங்கை அளவுள்ள ஒன்று குட்டியாகவும் இருக்கலாம், சில வாரங்களே எஞ்சியிருக்கும் சிறிய இனத்து முதிர்ந்த விலங்காகவும் இருக்கலாம். நீல வளைய ஆக்டோபஸை யாராவது கொடுக்க முன்வந்தால், அந்தக் கடைக்கு மறுபடி போகாதீர்கள். அதன் டெட்ரோடோடாக்சின் நஞ்சுக்கு மாற்று மருந்து கிடையாது; கடிபட்டவருக்கு நஞ்சின் வேகம் தணியும் வரை செயற்கைச் சுவாசம் கொடுத்துக் காப்பாற்றுவது ஒன்றே வழி. இருபுள்ளி இனத்துக்கும் கண்ணுக்குக் கீழே பக்கத்துக்கு ஒன்றாக நீல வட்டம் உண்டு. ஆனால் உடல் முழுவதும் வளையங்கள் இருந்தால் அது வேறு விலங்கு.

உணவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் வளர்க்கத் தொடங்கியவர்கள் பலர் இங்கேதான் சோர்ந்துபோகிறார்கள். நண்டு, சிப்பி, இறால் ஆகியவையே அதன் இயல்பான உணவு. குட்டியாக இருக்கும்போது அசையும் இரையை மட்டுமே அது பிடித்து உண்ணும். சிறிய ஃபிட்லர் நண்டுகளை அஞ்சலில் தருவித்து, அவற்றைச் சாகாமல் காப்பதற்கென்று இன்னொரு சிறிய தொட்டி வைத்து, அந்த நண்டுகளுக்கும் தீனி போட்டுக்கொண்டிருந்தேன். வீட்டில் இதைக் கேலி செய்யாதவர்கள் இல்லை. வளர்ந்த பின் உறைய வைத்த இறாலுக்குப் பழக்கலாம். ஆனால் பதப்படுத்தும் உப்புகள் சேர்க்காத இறாலாக இருக்க வேண்டும் என்பதால் பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படித்தே வாங்க வேண்டும். நன்னீர் மீன்களை மட்டுமே கொடுத்து வளர்த்தால் சத்துக் குறைபாடு வரும். தின்று முடித்த ஓடுகளையும் மிச்சத்தையும் அன்றன்றே எடுத்துவிடாவிட்டால், முன்பு சொன்ன அம்மோனியா திரும்பவும் தலைதூக்கும்.

பிளாஸ்டிக் குச்சியின் நுனியில் இறால் துண்டைச் செருகி நீட்டினால், பாறை இடுக்கிலிருந்து முதலில் ஒரே ஒரு கையின் நுனி வரும். அது இறாலைத் தொடாமல் குச்சியை மேலும் கீழும் தடவும். உறிஞ்சிகளாலேயே சுவை பார்க்கும் விலங்கு அது. பின்பு துண்டை உருவி, கையின் அடிப்பக்க உறிஞ்சிகள் ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கைமாற்றி வாய்க்குக் கொண்டுபோகும். அதற்குள் இன்னொரு கை குச்சியைப் பற்றி இழுக்கத் தொடங்கியிருக்கும். அந்த இழுப்பில் விலங்கின் அளவுக்குப் பொருந்தாத வலு இருக்கும். பிடிக்காத துண்டாக இருந்தால், சற்று நேரம் வைத்திருந்துவிட்டு, நீர் உமிழும் குழாயால் அதை என் பக்கமாகவே ஊதித் தள்ளிவிடும்.

இந்த அறிவுதான் அதன் கவர்ச்சி. அதுவே பெரிய பாரமும்கூட. ஏறத்தாழ 50 கோடி நரம்பணுக்கள் கொண்ட, அவற்றில் மூன்றில் இரண்டு பங்கைக் கைகளில் வைத்திருக்கிற உயிரை ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் சும்மா இருக்க விட முடியாது. சியாட்டில் மீன்காட்சியகத்தின் ஆய்வொன்றில், ஒரே சீருடை அணிந்த இருவரில் ஒருவர் எப்போதும் உணவளித்தார், மற்றவர் சொரசொரப்பான குச்சியால் தொட்டார். பசிபிக் பேராக்டோபஸ்கள் இருவரையும் வேறுபடுத்தி அறிந்து, அதற்கேற்ப நடந்துகொண்டன. வீட்டிலும் அப்படியே. நண்டை உள்ளே வைத்துத் திருகிய பிளாஸ்டிக் சாடி, இடம் மாற்றி அடுக்கிய பாறைகள், குழந்தைகளின் கட்டுமானக் கட்டைகள் என்று புதிது புதிதாக ஏதாவது கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். நெருக்கடியான, வெறுமையான தொட்டிகளில் சில ஆக்டோபஸ்கள் தம் கைகளையே கடித்துத் தின்னும் நிலைக்குப் போவதுண்டு. மாலை நேரத்தில் நாள்தோறும் ஒரு மணி நேரத்தை அதற்கென்று ஒதுக்க முடியாதவர் இதை வளர்க்கக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. விடுமுறைக்கு ஊருக்குப் போவதும் எளிதல்ல. மீனுக்குத் தீனி போடும் தானியங்கிக் கருவி இதற்கு உதவாது, பக்கத்து வீட்டுக்காரரிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகவும் முடியாது. அது இருந்த காலத்தில் மதுரைப் பயணத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன்.

கடைசியாக, ஆயுள். இருபுள்ளி இனம் ஓராண்டு முதல் இரண்டாண்டு வரையே வாழும். பெண் ஒரே ஒரு முறை முட்டையிட்டு, அவற்றைக் காத்து, உண்பதை நிறுத்தி இறந்துவிடும். இது நோயன்று, எனவே இதற்கு மருந்தும் இல்லை. கண்களுக்கு அருகிலுள்ள பார்வைச் சுரப்பிகளை அகற்றினால் அடைகாக்கும் தாய் மீண்டும் உண்ணத் தொடங்கி நீண்ட நாள் வாழ்கிறது என்பதை ஜெரோம் வோடின்ஸ்கி 1977இல் காட்டினார்; அது ஆய்வகத்தில் செய்யும் அறுவை, வீட்டில் செய்யக்கூடியதல்ல. என்னுடையது பெண். ஆணோடு ஒருபோதும் சேராததால் முட்டைகள் கருவுறாதவை. ஆயினும் அது பாறையின் அடியில் அவற்றைத் தடவிச் சுத்தம் செய்தும், மேலே நீரை ஊதிக்கொண்டும் இருந்தது. நீட்டிய நண்டைக் கையால் விலக்கிவிட்டது. நாளடைவில் தோல் வெளிறி, கைகளின் நுனியில் வெண்புண்கள் தோன்றின. இந்தக் கட்டத்தில் வலுக்கட்டாயமாக உணவளிக்க முயல வேண்டாம். விளக்கைக் குறைத்து, நீரை மட்டும் சுத்தமாக வைத்திருங்கள். இறந்தால் தாமதமின்றி உடலை எடுத்துவிடுங்கள்.

கடலில் பிடிக்கப்பட்ட பெண்ணாக இருந்தால் கதை வேறு. பிடிபடுவதற்கு முன்பே அது இணைந்திருக்கலாம். பெற்ற விந்தணுவை அது உடலில் சேமித்து வைத்திருக்கும் என்பதால், தனியாக வளர்த்த தொட்டியிலும் முட்டைகள் பொரிக்கக்கூடும். பல இனங்களின் குஞ்சுகள் மிதவை உயிரிகளாக நீரில் அலைபவை; அவற்றை வீட்டில் பிழைக்க வைப்பது ஏறத்தாழ இயலாது. இருபுள்ளி இனத்தின் குஞ்சுகளோ பொரித்த உடனே தரையில் ஊர்ந்து இரை தேடும். ஆகவே அவற்றைக் காப்பாற்ற வழியுண்டு. ஆனால் ஒன்றையொன்று தின்றுவிடும். முட்டைகளில் கண்கள் கருப்புப் புள்ளிகளாகத் தெரியத் தொடங்கியதுமே, நீர் புகுந்து வெளியேறும் தனித்தனிச் சிறு கிண்ணங்களையும், ஆம்பிபாட் போன்ற நுண்ணிய உயிர் இரையையும், குஞ்சுகளைப் பிறகு ஏற்றுக்கொள்ளக்கூடிய பல்கலைக்கழக ஆய்வகத்தையோ மீன்காட்சியகத்தையோ தேடத் தொடங்கிவிடுங்கள்.