பட்டறைப் பக்கம்: கேபின் கூரையில் துரு

கேள்வி: 2009 மாடல் பிக்கப் வைத்திருக்கிறேன். நாகப்பட்டினம் துறைமுகத்திலிருந்து மீன் ஏற்றி ஓட்டுகிறேன். கேபின் கூரையில் முன்கண்ணாடிக்கு மேலேயும் கேரியர் போல்ட் போட்ட இடங்களிலும் பெயிண்ட் கொப்பளித்து உரிகிறது. ஓரிடத்தில் விரலால் அழுத்தினேன், ஓட்டையே விழுந்துவிட்டது. மழை பெய்தால் டேஷ்போர்டில் சொட்டுகிறது. ஒரு பட்டறையில் “பட்டி போட்டு அடிச்சிடலாம், ரெண்டு நாள் வேலை” என்கிறார்கள். இன்னொருவர் கூரையையே மாற்றச் சொல்கிறார். வண்டி போகிற விலைக்கு அது கட்டுப்படியாகாது. என்ன செய்யலாம்?
– ஒரு வாசகர், நாகப்பட்டினம்

பதில்: தம்பி, இரண்டு யோசனையும் வேண்டாம். விரல் அழுத்தி ஓட்டை விழுந்தது என்று எழுதியிருக்கிறீர்களே, அதோடு பட்டிப் பேச்சு முடிந்தது. மேடுபள்ளத்தை நிரவத்தான் பட்டி. அடியில் தகடு இல்லாத இடத்தில் அது நிற்காது. துருவுக்கு மேல் போட்டாலோ ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு, உள்ளே துரு வளர இடம் கொடுக்கும். இரும்பு துருவானால் பருமன் பல மடங்கு கூடும். அதனால்தான் பெயிண்ட் கொப்பளிக்கிறது. அடுத்த ஐப்பசி மழைக்குள் அந்தப் பட்டியையும் அதுவே தூக்கி எறிந்துவிடும்.

கூரை மாற்றும் அளவுக்கும் போக வேண்டாம். ஆனால் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று வெளியே இருந்து பார்த்துச் சொல்ல முடியாது. கேரியரைக் கழற்றுங்கள். உள்ளே மேல்துணி, கேபின் லைட், அதன் ஒயர் எல்லாவற்றையும் எடுங்கள். கண்ணாடி ரப்பர் பீடிங்கில் உட்கார்ந்திருக்கிற மாடல் என்றால் அதையும் இறக்கிவிடுங்கள். பழைய பீடிங் இறுகிப்போய் வெடித்திருக்கும். அதற்கு அடியில் தேங்கும் தண்ணீர்தான் கண்ணாடிக்கு மேல்விளிம்பைத் தின்னும். புது பீடிங் வாங்கக் கணக்குப் பார்க்காதீர்கள்.

மேல்துணியை எடுத்த பிறகுதான் விஷயம் புரியும். கூரை ஒற்றைத் தகடு மாதிரி தெரிந்தாலும், ஓரங்களில் பெட்டிபோல மடித்த சட்டங்கள் உள்ளே ஒட்டியிருக்கும். தகட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவில் புகுந்த உப்பு ஈரம் சீக்கிரம் காயாது. பெரும்பாலும் அங்கே தொடங்கி வெளியே வருகிற துருதான் இது. வெளியே ஒரு ரூபாய் அளவு கொப்புளம் தெரிந்தால் உள்ளே உள்ளங்கை அளவு போயிருக்கும். ஸ்க்ரூடிரைவர் முனையால் குத்திக்கொண்டே போய், கெட்டியான தகடு தட்டுப்படும் இடத்தில் சாக்பீஸால் கோடு போடுங்கள். அந்தக் கோட்டைப் பார்த்த பிறகுதான் டிங்கரிடம் கூலி பேச வேண்டும். முன்னாடியே பேசினால் உங்களுக்கும் சங்கடம், அவருக்கும் சங்கடம்.

தேய்க்கும் முன் கூரையை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை கழுவுங்கள். இதை யாரும் செய்வதில்லை. உப்பு இருக்கும்போதே தேய்த்தால் அது குழிகளுக்குள் போய் உட்காரும். எந்த பிரைமர் (பெயிண்டுக்கு முந்தைய அடிப்பூச்சு) அடித்தாலும் அடியிலிருந்து வேலையைக் காட்டும். கடற்கரைப் பக்கம் போர் தண்ணீரே கரிக்குமே, அதில் கழுவிப் பலனில்லை. நான்கு குடம் குடிதண்ணீர் செலவானாலும் பரவாயில்லை. கழுவியதும் நன்றாகக் காய விடுங்கள்.

பெயிண்டையும் துருவையும் 80 நம்பர் எமரியில் எடுக்கலாம். கிரைண்டரில் ஒயர் பிரஷ் மட்டும் போட்டு ஓட்டினால் பளபளவென்று தெரியும், ஆனால் குழிக்குள் இருக்கும் துருவை அது மெருகேற்றி விட்டுவிடும். தகடு கெட்டியாக இருந்து, குழிகளில் மட்டும் கருமை மிஞ்சினால் அங்கே ரஸ்ட் கன்வெர்ட்டர், அதாவது மிஞ்சிய துருவை வேறு பொருளாக மாற்றி அடக்கும் திரவம், தடவலாம். பாஸ்பாரிக் அமிலம் சேர்ந்த வகை என்றால், டப்பாவில் போட்டிருக்கிறபடி மிச்சத்தைக் கழுவித் துடைத்துக் காயவைத்த பிறகே பிரைமர். செதில் செதிலாக உதிர்கிற இடத்துக்கு கன்வெர்ட்டர் தடவுவது வெறும் கண்துடைப்பு. அதை வெட்டித்தான் ஆக வேண்டும்.

துருவோடு நின்றுவிடாமல் இன்னும் ஒரு அங்குலம் தள்ளி, நல்ல தகடு வரை வெட்டச் சொல்லுங்கள். உள்சட்டம் அரித்திருந்தால் முதலில் அதைச் சரிசெய்துவிட்டு மேலே வர வேண்டும். பேட்ச்சுக்கு 20 கேஜ் தகடு போதும், ஏறக்குறைய 0.9 மில்லிமீட்டர் வரும். கனத் தகடு போட்டால் பலம் என்று சிலர் சொல்வார்கள். மெல்லிய தகட்டோடு அது ஒட்டுவதே சிரமம். சி.ஓ.டூ வெல்டிங்கில் புள்ளி புள்ளியாக, ஒரே பக்கம் போகாமல் இடம் மாற்றி மாற்றி வைக்க வேண்டும். ஆர்க் வெல்டிங் தகட்டையே ஓட்டை போட்டுவிடும். கேஸ் வெல்டிங்கில் நீளமாக ஓட்டினால் கூரை அப்பளம் மாதிரி பொரிந்து நிற்கும். பிறகு அந்த அலையை மறைக்கவே கிலோக் கணக்கில் பட்டி தேவைப்படும். கேரியர் ஓட்டைகளையும் சின்ன வட்டத் தகடு வைத்து மூடிவிடுங்கள்.

வெல்டிங் அன்றைக்குப் பேட்டரி டெர்மினல் இரண்டையும் கழற்றி வையுங்கள். சீட்டை வெளியே எடுங்கள். கழற்றாத கண்ணாடி இருந்தால் ஈரச்சாக்கு போட்டு மூடுங்கள், பொறி பட்டால் கண்ணாடியில் நிரந்தரப் புள்ளி விழும். வேலை முடிந்ததும் டீக்கடைக்கு ஓடாமல் கொஞ்ச நேரம் ஒரு ஆள் வண்டிப் பக்கத்திலேயே இருக்கட்டும். புகைவது உடனே தெரியாது.

வெல்டிங்கைத் தேய்த்துச் சமமாக்கியதும் தின்னர் நனைத்த சுத்தமான துணியால் துடைத்துவிட்டு, அன்றைக்கே எபாக்சி பிரைமர். வெற்றுத் தகட்டை ஓர் இரவு வெளியில் விட்டால், உங்கள் ஊர்க் காற்றில் காலையில் மஞ்சள் பூத்திருக்கும். துடைத்த இடத்தில் வெறுங்கையும் வைக்கக் கூடாது, வியர்வையிலும் உப்புதான். ரெட் ஆக்சைடு என்கிற சிவப்பு பிரைமர் மலிவு, ஆனால் தனியாகத் தண்ணீரை நிறுத்தாது. அதை அடித்துவிட்டு “பணம் வரும்போது மேல்பெயிண்ட்” என்று ஓடுகிற வண்டிகளைப் பாருங்கள், அந்தச் சிவப்பில் பாதி பிரைமர், பாதி துரு. பிரைமரை உள்பக்கமும் கை எட்டுகிற வரை அடியுங்கள். சட்டத்துக்குள்ளே கை போகாது. எல்லாம் முடிந்த பிறகு, உள்பொந்துகளில் துரு பிடிக்காமல் காக்கும் மெழுகான கேவிட்டி வேக்ஸை நீளக் குழாய் வைத்துப் பீய்ச்சுங்கள்.

இப்போது பட்டி போடலாம். 3 மில்லிமீட்டருக்கு மேல் ஏறக் கூடாது. மழைத் தண்ணீர் ஓடும் காடி, தகடுகள் சேரும் இடம் எல்லாவற்றிலும் பழைய சீலன்ட்டை (இடுக்கை அடைக்கும் பசை) சுரண்டிவிட்டுப் புதிதாகத் தடவுங்கள். டேஷ்போர்டில் சொட்டும் தண்ணீர் அந்தக் காடியிலிருந்தும் வரலாம். மறுபடி ஒரு பிரைமர், 320 நம்பர் எமரியில் தேய்ப்பு, மேல்பெயிண்டுக்கு முன் 600 நம்பரில் தண்ணீர்த் தேய்ப்பு. வெற்றுத் தகடு தெரியும்போது மட்டும் தண்ணீர்த் தேய்ப்பு கூடாது.

பெயிண்ட் அடிக்க மாசி, பங்குனி நல்ல காலம். பனி ஈரம் காய்ந்த பிறகு, தகடு சுடுவதற்கு முன், காலையில் முடித்துவிடுங்கள். பிற்பகலில் கடல் காற்று ஏறினால் தூசியும் உப்பும் ஈரப்பெயிண்டில் ஒட்டும்.

கேரியரைத் திரும்ப மாட்ட வேண்டாம் என்பது என் கட்சி. மாட்டினால், ஈர வலையையும் நனைந்த தார்ப்பாயையும் ராத்திரி முழுக்க அதன்மேல் போட்டு வைக்கிற பழக்கமும் கூடவே வரும். கயிறு உராய்ந்து பெயிண்ட் கீறும், கீறலில் கடல் தண்ணீர் இறங்கும். தொழிலுக்கு அது இல்லாமல் முடியாது என்றால், போல்ட் ஓட்டையின் விளிம்புக்கும் பிரைமர் தொட்டு, ரப்பர் வாஷரும் சீலன்ட்டும் வைத்து முறுக்குங்கள்.

கேள்வி: கம்ப்ரசர், ஸ்பிரே கன் இல்லாமல் வீட்டிலேயே பிக்கப் கூரைக்கு பெயிண்ட் அடிக்கலாமா? போன தடவை பழைய பெயிண்ட் மேல் அடித்ததும் சுருங்கிச் சுருங்கி எழும்பிவிட்டது.
– ஒரு வாசகர், காரைக்கால்

பதில்: தாராளமாக அடிக்கலாம். வேலைக்கு ஓடுகிற வண்டிக்கு ஷோரூம் பளபளப்பு எதற்கு? கூரையை மேலே ஏறி யார் பார்க்கப் போகிறார்கள், காக்கையைத் தவிர? சிந்தெடிக் எனாமலைச் சின்ன ஃபோம் ரோலரில், மெல்லிய பூச்சாக, ஒவ்வொன்றும் நன்றாகக் காய்ந்த பிறகு அடுத்தது என்று அடித்தால் போதும். அவசரப்பட்டுக் கனமாக அடித்தால் மேல்தோல் மட்டும் காயும், உள்ளே கொழகொழவென்று இருக்கும்.

உங்களுக்குச் சுருங்கியது, அநேகமாகப் பழைய எனாமல் மேல் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்ட் போட்டதால். அதன் தின்னர் காரமானது, அடியில் இருக்கும் எனாமலை ஊறவைத்துக் கிளப்பிவிடும். அடுத்த முறை பஞ்சில் என்.சி. தின்னர் நனைத்து, மறைவான ஓரிடத்தில் கொஞ்ச நேரம் வைத்துப் பாருங்கள். நெளிந்து சுருங்கினால் அடியில் எனாமல். அதன்மேல் எனாமலே அடியுங்கள், அல்லது முழுக்கச் சுரண்டி எடுங்கள்.

ஹார்ட்னர் கலக்கும் பி.யு. (பாலியூரித்தேன்) பெயிண்டை மட்டும் வீட்டு முற்றத்தில் ஸ்பிரே செய்யாதீர்கள். அதில் இருக்கும் ஐசோசயனேட் ஆஸ்துமாவையே வரவழைக்கும். மூக்கில் கட்டுகிற கைக்குட்டை அதைத் தடுக்காது. அதற்கென்று சுத்தமான காற்று தரும் முகமூடி உள்ள பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: வெள்ளை பிக்கப். கூரைக்கு மட்டும் கறுப்பு அடித்தால் துரு தெரியாதே?
– ஒரு வாசகர், தூத்துக்குடி

பதில்: தெரியாது, அதுதான் பிரச்சினை. வெள்ளையில் முதல் பழுப்புக் கோடு வரும்போதே பிடித்துவிடலாம். கறுப்பில் ஓட்டை விழுந்தபிறகுதான் தெரியும். சித்திரை வெயிலில் கேபினும் அடுப்பாகும். இன்னொன்று, ஆர்.சி.யில் பதிந்திருக்கும் நிறத்தை மாற்றுவதென்றால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிவிலும் மாற்ற வேண்டும். கூரை மட்டும்தானே என்று நீங்களே முடிவுசெய்யாமல், அடிக்கும் முன் அங்கே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.