மருத்துவர் பதில்கள்: ஸ்கேனில் தெரியும் வளையம் கட்டியா, காசநோயா, புழுவா?

கேள்வி: என் மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். போன மாதம் எழுதிக்கொண்டிருந்தபோது வலது கை விரல்கள் தானாக இழுக்க ஆரம்பித்து, இரண்டு நிமிடம் நிற்கவே இல்லை. எம்ஆர்ஐ எடுத்தோம். இடது பக்க மூளையில் 9 மி.மீ. அளவில் ‘ரிங் என்ஹான்ஸிங் லீஷன்’ என்று எழுதி, காசநோய், நாடாப்புழு இரண்டுக்கும் கேள்விக்குறி போட்டிருக்கிறார்கள். இப்போது ஸ்பெக்ட்ராஸ்கோபியோடு இன்னொரு எம்ஆர்ஐ எடுக்கச் சொல்கிறார் டாக்டர். முதல் ஸ்கேனிலேயே தெரியாதா? நாங்கள் முட்டைகூடத் தொடாத குடும்பம், புழு எப்படி வரும்? கேன்சராக இருக்குமோ என்று தூக்கமே இல்லை.
(ஒரு தாய், நாமக்கல்)

பதில்: கேன்சர் பயத்தை முதலில் பேசிவிடுவோம் அம்மா. இந்த வயதில், முதல் வலிப்போடு, ஒரு சென்டிமீட்டருக்குள் ஒரே ஒரு வளையம் தெரிந்தால் நம் நாட்டில் முதலில் நினைப்பது நாடாப்புழுவின் கூட்டைத்தான், அடுத்தது காசநோய். புற்றுநோய் அந்த வரிசையில் பின்னால்தான் வரும். பார்க்காமலே இல்லை என்று சொல்ல நான் ஆளில்லை, ஆனால் நீங்கள் தூக்கத்தைத் தொலைக்க வேண்டிய அளவுக்கு அந்த ரிப்போர்ட்டில் எதுவும் இல்லை.

அந்த வளையம் என்ன தெரியுமா? கையில் போட்ட கான்ட்ராஸ்ட் ஊசி மருந்து நல்ல மூளைத் திசுவுக்குள் கசியாது. அழற்சியோ கட்டியோ ரத்தக்குழாய்ச் சுவரைக் கெடுத்த இடத்தில் மட்டும் கசியும், படத்தில் அந்த இடம் வெள்ளையாகத் தெரியும். புழுக் கூடு, காசநோய்க் கட்டி, சீழ்க்கட்டி, புற்றுக்கட்டி நான்குமே இப்படி வளையம் போடும். அதனால்தான் வளையத்தை மட்டும் பார்த்து ஒரு பெயரை எழுதிவிட முடியாமல் கேள்விக்குறி போடுகிறோம். அது எழுதியவரின் நேர்மை, கோபப்படாதீர்கள்.

1980களில் இங்கே வலிப்போடு வந்தவர்களின் சிடி ஸ்கேனில் இப்படிச் சின்ன வளையம் தெரிந்தால் காசநோய் என்றே எடுத்துக்கொண்டு மாதக்கணக்கில் மருந்து கொடுத்தார்கள். அப்புறம் வேலூர் சிஎம்சியில் மேத்யூ சாண்டி, ராஜசேகர் குழுவினர் இந்த வளையங்களில் பயாப்ஸி எடுத்துப் பார்த்தபோது பலவற்றில் இருந்தது நாடாப்புழுவின் இளம்பருவம். 1993-இல் அவர்கள் வெளியிட்ட அளவுகோலை இன்றைக்கும் பயன்படுத்துகிறோம்: 20 மி.மீ.க்குக் குறைவு, ஓரம் ஒழுங்காக இருக்கிறது, மூளையின் நடுக்கோடு நகரவில்லை, கைகால் பலவீனம் கூடிக்கொண்டே போகவில்லை என்றால் புழுப் பக்கம்தான் சாயும். காசநோய்க் கட்டி பெரும்பாலும் அதைவிடப் பெரிது, ஓரம் கரடுமுரடு. அதற்காக 9 மி.மீ. என்றாலே காசநோய் இல்லை என்று யாரும் எழுதித் தர மாட்டார்கள், அதனால் நெஞ்சு எக்ஸ்ரேயும் பார்ப்பார்கள்.

இனி அந்தப் புதிய ஸ்கேன். ஒரே மெஷினில் வேறு வேறு விதமாகப் படம் எடுக்கலாம், ஒவ்வொன்றுக்கும் தனி வேலை. டிஃப்யூஷன் படம் தண்ணீர் மூலக்கூறு எவ்வளவு தாராளமாக நகர்கிறது என்று காட்டும். கெட்டிச் சீழுக்குள் நகர இடமில்லை, ஆகவே சீழ்க்கட்டியின் நடுப்பகுதி பளிச்சென்று தெரியும். அழுகிய புற்றுக்கட்டியின் நடுவில் பெரும்பாலும் அப்படித் தெரியாது. ஸ்பெக்ட்ராஸ்கோபி என்பது படமே இல்லை, வரைபடம். ஒரு சின்னக் கட்டம் போட்டு, அதற்குள் என்னென்ன வேதிப்பொருள் இருக்கிறது என்று மலைமுகடுகள்போல வரிசையாகக் காட்டும். நல்ல நரம்புத் திசுவில் என்ஏஏ என்ற நரம்புச் செல் வேதிப்பொருளின் முகடு உயரமாக நிற்கும். புற்றுக்கட்டியில் அது குட்டையாகி, செல்கள் பெருகுவதைக் காட்டும் கோலின் என்ற பொருளின் முகடு எழும்பும். காசநோய்க் கட்டியில், வரைபடத்தின் கீழ்க்கோட்டில் 1.3 என்ற இடத்தில் கொழுப்பு முகடு தூக்கி நிற்கும், அதைப் பார்த்ததும் எங்கள் கை மற்ற முகடுகளைத் தேடிப் போகும், ஏனென்றால் அழுகிய புற்றுக்கட்டியிலும் கொழுப்பு வரும், ஆனால் கூடவே கோலினும் ஏறியிருக்கும்.

ஆனால் ஒரு விஷயத்தை நேராகச் சொல்லிவிடுகிறேன். 9 மி.மீ. வளையத்துக்கு ஸ்பெக்ட்ராஸ்கோபி கைகொடுக்காமல் போகலாம். அந்தக் கட்டம் பெரும்பாலும் ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர், வளையத்தைச் சுற்றியுள்ள நல்ல மூளையும் அதில் மாட்டிக்கொள்ளும், வரைபடம் கலங்கிவிடும். உங்கள் மகளுக்கு இதைவிடப் பயன் தரக்கூடியது மெல்லிய துண்டுகளாக எடுக்கும் 3டி படம். வழக்கமான படத்தில் ஒரு துண்டு 5 மி.மீ. அளவுக்குத் தடிமன், சின்னப் பொருள் அதில் ஒளிந்துகொள்ளும். ஒரு மி.மீ. துண்டாக வெட்டிப் பார்த்தால், வளையத்துக்குள் ஓரமாக ஒட்டிக்கொண்டு கடுகைவிடச் சிறியதாக ஒரு புள்ளி தெரிகிறதா என்று தேடுவேன். அது புழுவின் தலை. அது கண்ணில் பட்டுவிட்டால் காசநோயா என்ற கேள்வியே எழாது. ஆகவே டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள்: “சார், இந்த ஸ்கேனில் எதைத் தேடுகிறீர்கள், அது கிடைத்தால் மருந்து மாறுமா?” நல்ல டாக்டர் யாரும் இதற்குக் கோபிக்க மாட்டார். போகும்போது பழைய ஸ்கேன் பதிவான சிடி வட்டை மறக்காமல் எடுத்துப் போங்கள், ஃபிலிம் மட்டும் போதாது.

சைவக் குடும்பத்துக்கு எப்படி என்றீர்கள். பன்றி இறைச்சியைச் சரியாக வேகவைக்காமல் சாப்பிட்டவருக்குக் குடலில் நாடாப்புழு வரும், அவ்வளவுதான். மூளையில் கூடு வருவது அந்தப் புழுவின் முட்டையை விழுங்குவதால். அந்த முட்டை புழு உள்ளவரின் மலத்திலிருந்து தண்ணீர், கழுவாத கீரை, கழுவாத கை வழியாக யார் வாய்க்கும் போகலாம். உங்கள் சாப்பாட்டில் குற்றமில்லை, உங்கள் மகளிடமும் இல்லை.

வலிப்பு மாத்திரையை ஒரு வேளைகூட விடாதீர்கள். புழு மருந்து ஆரம்பிக்கும் முன் கண் பரிசோதனை செய்தார்களா என்று கேளுங்கள், கண்ணுக்குள் புழு இருந்து மருந்து கொடுத்தால் பார்வை கெடலாம். சில மாதம் கழித்து இன்னொரு ஸ்கேன் எடுப்பார்கள். இந்த வளையங்களில் பல அதற்குள் சுருங்கிவிடும், அல்லது காணாமலே போய்விடும்.

கேள்வி: அப்பாவுக்கு கிளியோபிளாஸ்டோமா என்ற மூளைப் புற்றுக்கட்டி. ஆபரேஷன் முடிந்து, ரேடியேஷனும் டெமோசோலமைடு என்ற புற்றுநோய் மருந்தும் முடிந்து இரண்டு மாதம் ஆகிறது. புதிய எம்ஆர்ஐயில் அதே இடத்தில் வெள்ளை முன்பைவிடப் பெரிதாக இருக்கிறது. கட்டி திரும்பிவிட்டதா?
(ஒரு வாசகர், மதுரை)

பதில்: இரண்டு மாதத்தில் அப்படிச் சொல்லிவிட முடியாது, யாராவது அவசரமாகச் சொன்னால் இன்னொருவரிடம் படத்தைக் காட்டுங்கள். சிகிச்சையின் தாக்கத்தாலேயே அந்த இடம் வீங்கிக் கசிந்து, கட்டி வளர்ந்ததுபோலவே தெரிவது இந்த நோயில் நன்றாகத் தெரிந்த விஷயம். மூளைக்கட்டி சிகிச்சையின் பலனை ஸ்கேனில் மதிப்பிட 2010-இல் வந்த ரானோ விதிமுறையே, ரேடியேஷன் முடிந்த முதல் 12 வாரத்தில் கதிர் பட்ட பகுதிக்குள் வெள்ளை கூடியதை மட்டும் வைத்து நோய் முற்றியது என்று எழுதக் கூடாது என்கிறது. இங்கேதான் திசுவில் உள்ள ரத்த அளவைக் காட்டும் பெர்ஃப்யூஷன் எம்ஆர்ஐ உண்மையாகவே உதவும். உயிரோடு வளரும் கட்டி ரத்தக் குழாய்களைப் பெருக்கிக்கொள்ளும், அதனால் அந்த இடத்தில் ரத்த அளவு கூடியிருக்கும். கதிரால் கெட்டுப்போன திசுவில் அது குறைவு. சில சமயம் இரண்டும் கலந்தே இருக்கும், அப்போது நான்கு முதல் எட்டு வாரம் கழித்து மறுபடி எடுத்து, பழையதோடு பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் நம்பகமான வழி. அப்பா எப்படி இருக்கிறார்? நடை, பேச்சு, நினைவு போன மாதத்தைவிட மோசமா? இதைத் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி எடுத்துப் போங்கள், டாக்டர் படத்துக்குச் சமமாக அதையும் பார்ப்பார்.

கேள்வி: எனக்குச் சிறுநீரகக் கோளாறு. மூளை ஸ்கேனுக்கு கான்ட்ராஸ்ட் ஊசி போடலாமா?
(ஒரு வாசகர், புதுச்சேரி)

பதில்: ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் ஈஜிஎஃப்ஆர், அதாவது சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் எண், என்னவென்று பாருங்கள். 30-க்குக் கீழே இருந்தால் ஊசி போடுபவரிடம் கட்டாயம் முன்கூட்டியே சொல்லுங்கள். எம்ஆர்ஐ கான்ட்ராஸ்ட் ஊசியில் இருப்பது கடோலினியம் என்ற உலோகம். பழைய வகை கடோலினியம் மருந்துகள் அப்படிப்பட்டவர்களில் சிலருக்குத் தோலை இறுகவைக்கும் கடுமையான நோயைக் கொடுத்திருக்கின்றன. கடோலினியத்தைக் கூண்டுபோல இறுக்கிப் பிடித்துவைக்கும், இப்போதுள்ள மேக்ரோசைக்ளிக் வகையில் அந்த ஆபத்து மிகக் குறைவு. டயாலிஸிஸ் செய்துகொள்பவர் என்றால் ஸ்கேனை டயாலிஸிஸுக்குச் சற்று முன்னால் வைத்துக்கொள்வது நல்லது. ஊசியே இல்லாமல் ரத்த ஓட்டத்தைக் காட்டும் ஏஎஸ்எல் முறையும் உண்டு, நீங்கள் போகும் சென்டரில் அது இருக்கிறதா என்று போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள்.