வாசகர் கேள்வி – பதில்: டெக்சாஸ் விபத்தும் ‘வாய்ஸ்’ அலுவலகமும்

கேள்வி: டெக்சாஸ் மாநிலத்தில் கணினி நிறுவனமொன்றில் பணியாற்றிய என் இளைய மகன், குடிபோதையில் ஒருவர் ஓட்டி வந்த வாகனம் மோதி இறந்துவிட்டான். ஓட்டுநர் உரிய ஆவணம் இல்லாமல் அந்நாட்டில் தங்கியிருந்தவராம். மருமகளும் அங்கேயே பிறந்த நான்கு வயதுப் பேரனும் இன்னும் அங்குதான் இருக்கிறார்கள். இத்தகையோரால் பாதிக்கப்பட்டவர்களுக்கென்றே அமெரிக்க அரசு தனி அலுவலகம் வைத்திருக்கிறது, மனுக் கொடுத்தால் இழப்பீடு தருவார்கள் என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். நாங்கள் மதுரையிலிருந்தே மனுச் செய்யலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், ஒத்தக்கடை

பதில்: ஐயா, தங்கள் துயரத்துக்கு எங்கள் ஆழ்ந்த அனுதாபங்கள். உறவினர் சொன்னதில் பாதி சரி. அப்படியோர் அலுவலகம் இருக்கிறது. ஆனால் அது பணம் தருவதில்லை. ‘வாய்ஸ்’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் அந்த அலுவலகம், அதிபர் டிரம்ப் 2017 ஜனவரியில் பிறப்பித்த நிர்வாக ஆணையின்படி அதே ஆண்டு ஏப்ரலில் குடியேற்ற அமலாக்கத் துறையின்கீழ்த் தொடங்கப்பட்டு, பைடன் ஆட்சியில் 2021 ஜூனில் மூடப்பட்டு, டிரம்ப் திரும்பி வந்தபின் 2025 ஏப்ரலில் மீண்டும் திறக்கப்பட்டது. ஆட்சிக்கு ஆட்சி திறந்து மூடப்படும் அலுவலகம் என்பதால், அதை மட்டுமே நம்பி மற்ற வழிகளைத் தள்ளிப்போட வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், குடியேற்றத் துறையின் காவலில் இருக்கிறாரா, விடுவிக்கப்படுகிறாரா, நாடு கடத்தப்படுகிறாரா என்ற விவரங்களைப் பாதிக்கப்பட்ட குடும்பத்துக்குத் தெரிவிப்பதும், உள்ளூர் உதவி அமைப்புகளுக்கு வழிகாட்டுவதும்தான் வாய்ஸின் வேலை. அது குற்றத்தைப் புலனாய்வு செய்யாது, வழக்கும் நடத்தாது. தங்கள் மகன் வழக்கில் எதிரி உள்ளூர்ச் சிறையில் இருந்தால், அவரைப் பற்றிய தகவலுக்கு அந்த மாவட்ட அரசு வழக்கறிஞர் அலுவலகத்தையே அணுக வேண்டும். பாதிக்கப்பட்டோருக்கு உதவுவதற்கென்றே அங்கு ஓர் ஒருங்கிணைப்பாளர் இருப்பார். விசாரணை முடிந்து தண்டனை பெறும் முன்பே எதிரியை நாடு கடத்திவிடுவார்களோ என்ற கவலை தங்களுக்கு இருந்தால், அதை அந்த ஒருங்கிணைப்பாளரிடம் இப்போதே எழுத்தில் தெரிவிப்பது நல்லது. குடிபோதையில் வாகனம் ஓட்டி உயிரைப் பறித்த குற்றத்துக்கு டெக்சாஸில் 2 முதல் 20 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை உண்டு. தண்டனை வழங்கும் கட்டத்தில் குடும்பத்தின் இழப்பை விவரிக்கும் அறிக்கையை நீதிமன்றத்தின் பார்வைக்கு வைக்கலாம். இதற்கு விசா வாங்கிப் பயணம் செய்யத் தேவையில்லை, மதுரையிலிருந்தே எழுதி அனுப்பிவிடலாம்.

பணத்துக்கான வழி டெக்சாஸ் தலைமை அரசு வழக்கறிஞர் அலுவலகம் நடத்தும் குற்றப் பாதிப்பு இழப்பீட்டுத் திட்டம். குடிபோதை ஓட்டுநரால் நேர்ந்த மரணம் அதில் அடங்கும். குற்றம் செய்தவரின் குடியேற்ற நிலை அங்கு ஒரு பொருட்டே அல்ல. அவர் உள்ளூர்க் குடிமகனாகவே இருந்திருந்தாலும் தங்கள் குடும்பத்துக்கு இதே உரிமைதான். இறுதிச் சடங்குச் செலவு, சம்பாதித்தவரை இழந்ததால் ஏற்பட்ட வருமான இழப்பு முதலியவற்றுக்காகப் பொதுவாக 50,000 டாலர் வரை கிடைக்கும். காப்பீடு போன்ற பிற வழிகளில் வருவது போக மிச்சத்துக்கே இத்திட்டம் பணம் கொடுக்கும். குற்றம் நடந்த மூன்று ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும், மனுதாரராகத் தங்கள் மருமகளே இருப்பது முறை.

இதைவிடப் பெரிய தொகை வர வாய்ப்புள்ள இடத்தைப் பலரும் கவனிப்பதே இல்லை. எதிரியின் வாகனத்துக்குக் காப்பீடு இல்லை என்றால், தங்கள் மகனின் சொந்த வாகனக் காப்பீட்டிலேயே ‘காப்பீடற்ற ஓட்டுநர்’ பிரிவு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வேண்டாம் என்று எழுத்தில் மறுத்திருந்தால் ஒழிய, டெக்சாஸ் பாலிசிகளில் அது சேர்ந்தே வரும். உரிமையியல் வழக்குத் தொடரும் உரிமை மனைவிக்கும் பிள்ளைக்கும் பெற்றோராகிய தங்களுக்கும் உண்டு, அதற்குக் கெடு இரண்டு ஆண்டுகள். 2023 செப்டம்பர் முதல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, போதை ஓட்டுநரால் தாயையோ தந்தையையோ இழந்த குழந்தைக்குக் குற்றவாளியே பராமரிப்புத் தொகை தர வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிடவும் முடியும். நாடு கடத்தப்பட்டவரிடமிருந்து அதை வசூலிப்பது எளிதல்ல என்பதும் உண்மைதான்.

தாங்கள் இங்கிருந்து செய்ய வேண்டியது ஆவண வேலை. மாநகராட்சி தந்த பிறப்புச் சான்றிதழில் தலைப்பெழுத்தோடு மட்டும் நிற்கும் பெயர், பாஸ்போர்ட்டில் தகப்பனார் பெயர் குடும்பப் பெயராக விரிந்து, டெக்சாஸ் இறப்புச் சான்றிதழில் முன்பின் மாறியிருக்கும். நம் ஊர்க் குடும்பங்கள் பலவற்றின் மனுக்கள் இந்த ஒரு முரண்பாட்டில்தான் தேங்கிப்போகின்றன. இந்தப் பெயர்கள் யாவும் ஒருவரையே குறிக்கும் என்ற பிரமாணப் பத்திரத்தை நோட்டரி முன் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அத்துடன், தாசில்தார் வழங்கும் வாரிசுச் சான்றிதழையும் ஆங்கில மொழிபெயர்ப்பையும் சேர்த்து, மாநில அரசின் சான்றொப்பத்துக்குப் பின் வெளியுறவு அமைச்சகத்தின் ‘அப்போஸ்டில்’ (நம் ஆவணத்தை வெளிநாட்டில் ஏற்கச் செய்யும் சான்று) முத்திரை பெறுங்கள். இடைத்தரகர்களிடம் அசல் ஆவணங்களைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டாம்.

பேரன் அமெரிக்கக் குடிமகன். மருமகளின் விசா தங்கள் மகனின் வேலை விசாவைச் சார்ந்ததாக இருந்திருந்தால், அவர் அங்கே தங்கும் உரிமையே கேள்விக்குள்ளாகும்; இழப்பீட்டு மனுவுக்கும் முன்பாக அவர் ஒரு குடியேற்ற வழக்கறிஞரைப் பார்த்துவிட வேண்டும்.

கேள்வி: என் அக்கா மகளைத் தாக்கிக் காயப்படுத்தியவன் விசா காலம் முடிந்தும் இங்கே தங்கியிருந்த வெளிநாட்டுக்காரன் என்கிறார்கள். ஆள் தலைமறைவாகிவிட்டான். பிடிபடும் வரை எந்த உதவியும் கிடைக்காதா?
– வாசகி, உசிலம்பட்டி

பதில்: கிடைக்கும். குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்துள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 396ஆம் பிரிவின்படி, குற்றவாளி யார் என்று தெரியாமலோ பிடிபடாமலோ வழக்கு விசாரணையே நடக்காத நிலையிலும், பாதிக்கப்பட்டவர் சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடம் இழப்பீடு கோரலாம். மனுவை இரண்டு மாதங்களுக்குள் விசாரித்து முடிக்க வேண்டும் என்பதும், அவசர மருத்துவ உதவிக்கு உடனே உத்தரவிடலாம் என்பதும் அதே பிரிவில் உள்ளன. விசா மீறல் தனி வழக்கு. அது அரசின் பாடு, உங்கள் மனுவுக்கு அது தடையல்ல. முதல் தகவல் அறிக்கையின் நகல், மருத்துவமனையின் காயச் சான்று, ஆதார், வங்கிப் புத்தக நகல் ஆகியவற்றுடன் மதுரை மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குச் செல்லுங்கள். பெண்களுக்கு அங்கு இலவச வழக்கறிஞர் உதவி உண்டு, அதற்கு வருமான வரம்பு கிடையாது.