"என்ன பாட்டு அது?" என்று அம்மா கேட்டார்

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு 43 வயது. கல்லூரியில் இலக்கியம் கற்பிக்கிறேன். பக்கவாதம் வந்து எட்டு மாதமாகப் படுக்கையில் இருக்கும் அம்மாவை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். இரவில் அவர் தூங்கியதும், பக்கத்தில் உட்கார்ந்து ஹெட்போன் மாட்டிக்கொண்டு பழைய ஹாலிவுட் இசைப் படங்கள் பார்க்கிறேன். பெரிய கதையெல்லாம் இருக்காது. ஒரு காதல், சின்ன ஊடல், நடுநடுவே ஆட்டமும் பாட்டும். 'சிங்கின் இன் த ரெயின்' படத்தை எத்தனை முறை பார்த்தேன் என்று கணக்கே இல்லை. பார்க்கும்போது மனசு லேசாகிறது. முடிந்ததும் எதையோ திருடிவிட்டதுபோல இருக்கிறது.

நண்பர்களோடு தீவிரமான படங்களைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவேன். இதை மட்டும் சொன்னதில்லை. கணவர் அறைக்குள் வந்தால் சட்டென்று செய்திக்கு மாற்றிவிடுகிறேன். போன வாரம் ஹெட்போன் கழன்று, அம்மா விழித்துக்கொண்டார். "என்ன பாட்டு அது?" என்றார். "ஒண்ணுமில்லம்மா, தூங்குங்க" என்று அணைத்துவிட்டேன். அவர் இப்படிக் கிடக்கும்போது நான் சிரித்துக்கொண்டிருப்பது சரியா?

*

அன்புள்ள சகோதரிக்கு,

நண்பர்களிடம் மறைக்க வைப்பது வெட்கம். அம்மாவை நினைத்தால் வருவது குற்றவுணர்வு. இரண்டும் சேர்ந்து அழுத்துவதால்தான் சுமை இவ்வளவு கனக்கிறது.

வெட்கத்துக்குக் காரணமே இல்லை என்பேன். 1952இல் வந்த அந்தப் படத்தின் மழை நடனத்தை அதன் நாயகன் ஜீன் கெல்லி கடும் காய்ச்சலோடுதான் ஆடினார். ஃப்ரெட் அஸ்டேர் என்ற இன்னொரு ஹாலிவுட் நடன நாயகரோ, ஆடுபவரின் முழு உடலும் தெரிய, முடிந்தவரை வெட்டாமல் படமெடுக்க வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தவர். பார்க்க லேசாக இருக்கிறதே தவிர, அதற்குப் பின்னால் இருப்பது அசுர உழைப்பு. வகுப்பில் சந்தத்தைப் பற்றிப் பேசுகிற உங்களுக்கு, உடம்பால் எழுதிய சந்தம் பிடித்துப்போனதில் என்ன வியப்பு?

அம்மா விஷயத்துக்கு வருகிறேன். வேலை முடிந்து வந்து தொலைக்காட்சி பார்க்கும், வீடியோ கேம் ஆடும் 471 பேரிடம் லியோனார்ட் ரைனெக்கேயும் இரு சக ஆய்வாளர்களும் செய்த ஆய்வு 2014இல் வெளிவந்தது. மிகவும் களைத்துப்போனவர்கள்தான், 'செய்ய வேண்டியதை விட்டுவிட்டு இதைப் பார்க்கிறோமே' என்று அதிகம் குற்றவுணர்வு கொண்டார்கள். அந்த உணர்வு கூடியவர்களுக்கு, பார்த்ததால் கிடைக்கும் தெம்பும் குறைந்தது. ஓய்வு யாருக்கு அதிகம் தேவையோ, அவர்களுக்கே அது ஒட்டாமல் போகிறது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நோயாளிகளைப் பராமரிப்பவர்களின் ஞாபகம்தான் வரும்.

குற்றம் என்றால் யாருக்காவது தீங்கு நடந்திருக்க வேண்டும். மருந்து நேரம் தவறுகிறதா? உங்கள் தூக்கம் கெடுகிறதா? ஆம் என்றால் நேரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் நீங்கள் யாரிடமிருந்தும் எதையும் திருடவில்லை. நீங்கள் சிரிக்காமல் இருப்பதால் அம்மாவின் வேதனை ஒரு துளியும் குறையப்போவதில்லை.

கணவர் வரும்போது செய்திக்கு மாற்றுவதை இன்றே நிறுத்திப் பாருங்கள். முதல் இரண்டு நாள் கூச்சமாக இருக்கும், அப்புறம் பழகிவிடும்.

எனக்கு உறுத்துவது நீங்கள் படம் பார்த்ததல்ல, அணைத்ததுதான். எட்டு மாதமாகப் படுத்தே இருக்கும் ஒருவர் ஆசையாக ஒரு பாட்டைப் பற்றிக் கேட்டிருக்கிறார். நாளை அவர் விழித்திருக்கும் நேரத்தில் ஹெட்போன் இல்லாமல் அதே பாட்டைப் போடுங்கள். திரை அவருக்குத் தெரிகிற மாதிரி தலையணையை உயர்த்தி வையுங்கள்.